எறிந்த கையும் எடுக்கும் கையும்

ஒருவன் எதை உண்கிறான், எதை உடுக்கிறான் என்று கொண்டு அவனை அளப்பது உலக வழக்கம். எதை எறிகிறான், எறிந்ததை எவர் எடுக்கிறார் என்று கேட்பதே அறத்திற்கு நெருங்கிய கேள்வி. ஜப்பான் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் இதனை நாம் உணர்ந்தோம்.

சிகோக்குத் தீவின் தொகுஷிமா மாநிலத்தில், மலைகளுக்கிடையே உள்ளது கமிகட்சு. 2003-ஆம் ஆண்டில், குப்பையற்ற ஊராவோம் என அவ்வூர் உறுதி பூண்டது. அங்குக் குப்பை வண்டி தெருவுக்கு வருவதில்லை. சமையற் கழிவை அவரவர் வீட்டிலேயே உரமாக்குகின்றனர். ஏனையவற்றைக் கழுவி உலர்த்திப் பொது நிலையத்திற்குக் கொணர்ந்து, நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரித்து இடுகின்றனர். அப்பொருள் எங்குச் செல்கிறது, அதனால் ஊருக்கு வரவா செலவா என்பதும் ஆங்கு எழுதப்பட்டுள்ளது. நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு மீண்டும் பயனாகிறது. 2020-க்குள் முழுவதும் ஒழிப்பதென்ற குறிக்கோள் நிறைவேறவில்லை. ஆயினும் முயற்சியை அவர்கள் விடவில்லை.

மூதாட்டி ஒருவர் புட்டியின் மூடியை வேறாகவும் மேலொட்டிய தாளை வேறாகவும் பிரித்து இட்டதைக் கண்டோம். அவர் முகத்தில் அருவருப்பும் இல்லை, பெருமிதமும் இல்லை.

உதயண மன்னன் ஆனந்தரை வினவிய வரலாற்றை அன்பர்கள் அறிவர். இத்தனை சீவரங்களை என்ன செய்வீர் என்றான். பழையவை விரிப்பாகும், பின் மிதியடியாகும், பின் தூசி துடைக்கும் துணியாகும், இறுதியில் மண்ணோடு பிசைந்து தரை மெழுகப்படும் என்றார் ஆனந்தர். பொருளை வீணாக்காமை பிக்குகளின் ஒழுக்கம்.

எனினும் ஜப்பானைக் குறையற்ற நாடென்று கூறோம். கடைகளில் சிறு பண்டத்திற்கும் பல உறை சுற்றுகின்றனர். தோல் வேலையும் இறைச்சி வேலையும் செய்தோரைத் தாழ்ந்தோராக ஒதுக்கிய கொடுமை அங்கும் இருந்தது. 1871-இல் ஆணையால் அந்நிலை நீக்கப்பட்டும், 2016-இல் மீண்டும் ஒரு சட்டம் வேண்டியதாயிற்று. எனவே, தெருவின் தூய்மை வேறு, மனத்தின் தூய்மை வேறு.

நம் நாட்டின் நிலை யாது? மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதை 1993-லும் 2013-லும் சட்டங்கள் தடுத்தன. ஆயினும் சாக்கடைக் குழியில் உயிர்கள் மாய்கின்றன. எறிபவன் ஒரு பிறப்பு, எடுப்பவன் வேறு பிறப்பு என்னும் ஏற்பாடு இன்னும் அழியவில்லை. “கூலி கொடுக்கிறோமே” என்பர் சிலர். கூலி உழைப்பின் விலை, இழிவின் விலையன்று.

அவ்விழிவிலிருந்து வெளியேறி தம்மத்தை ஏற்ற நாமும் ஓர் ஐயத்தை நம்மிடமே எழுப்புதல் வேண்டும். நம் வீட்டுக் குப்பையை இன்னொரு ஏழையின் கை கிளற விடுகின்றோமா? அப்படியாயின், நாம் ஏணியில் ஒரு படி ஏறினோமேயன்றி ஏணியை அகற்றினோமில்லை.

செய்த வினையைச் செய்தவனே சுமக்கிறான் என்பது நாம் ஏற்ற அறம். ஆதலின், ஈரக் கழிவும் உலர்ந்த கழிவும் இன்றே நம் கைகளாலேயே பிரியட்டும். அவற்றைப் பெறவருபவரை “ஐயா”, “அம்மா” என அழைத்து ஒப்படைப்போம். அதுவும் ஒரு சீலமே.