எதில் உறுதி, எதில் இளக்கம்

கீதையைத் தமிழ் உரைநடையில் பெயர்த்த பாரதி பிறந்தது எட்டயபுரத்தில். அவருடைய தந்தை சின்னசாமி ஐயர் பஞ்சாலை தொடங்கிக் கைப்பொருளை இழந்ததும் அதே ஊரில்தான். பலனில் பற்று வைக்காமல் செயலைச் செய் என்ற போதனையும், பலனை நம்பிப் போட்ட முதல் கரைந்த துயரமும் ஒரே குடும்பத்தின் கதையில் அடுத்தடுத்து வருகின்றன. பலனை நாடும் செயலில் பற்றின்மைக்கு இடம் உண்டா என்ற கேள்வி, இன்று கைப்பேசியில் பங்குகளுக்கான டிமேட் கணக்கு திறந்து, சந்தை தொடங்கும் காலை 9.15 மணிக்காகக் காத்திருக்கும் கரிசல் காட்டு இளைஞரிடம் வேறு உருவில் வந்து நிற்கிறது. அன்றே வாங்கி அன்றே விற்கும் டே டிரேடிங்கைச் சொல்லித் தருவோர் அவருக்கு இரண்டு கட்டளைகள் இடுகிறார்கள்: வகுத்த விதியை மீறாதே, சந்தை மாறினால் நீயும் மாறிக்கொள். ஒன்றையொன்று வெட்டுவது போலத் தோன்றினாலும் இவற்றில் முரண்பாடு இல்லை என்றே நான் நினைக்கிறேன். உறுதி வேண்டியது எவ்வளவு இழக்கலாம் என்ற எல்லையில். இளக்கம் வேண்டியது சந்தை எந்தப் பக்கம் போகும் என்ற கணிப்பில். புதிதாக வருபவர் இவ்விரண்டையும் இடம் மாற்றி வைத்துக்கொள்கிறார்.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை ஆராய்ந்த டெரன்ஸ் ஓடியன் 1998இல் வெளியிட்ட முடிவு இது: லாபத்தில் நிற்கும் பங்கை மனிதர்கள் சட்டென விற்றுவிடுகிறார்கள், நட்டத்தில் நிற்பதைக் கைவிட மறுக்கிறார்கள். நம்மூர்த் திரையிலும் இதே கூத்துதான். 100 ரூபாய்க்கு வாங்கி 98க்கு இறங்கினால் விற்றுவிடுவது என்று ஸ்டாப் லாஸ் வைத்தவர், விலை 98.20ஐத் தொட்டதும் அதை 96க்கு இறக்குகிறார். 96ஐ நெருங்கியதும் இன்னும் கொஞ்சம் வாங்கி, சராசரி விலையைக் குறைக்க ஆவரேஜ் பண்ணுகிறார். பிற்பகல் மூன்று மணிக்கு அன்றே விற்பதற்காக இன்ட்ராடேயில் வாங்கியதைக் கையில் வைத்துக்கொள்ளும் டெலிவரியாக மாற்றி, தன்னை நீண்டகால முதலீட்டாளர் என்று அழைத்துக்கொள்கிறார். எல்லை இளகிவிட்டது, ‘இது ஏறும்’ என்ற எண்ணம் மட்டும் கல்லாக நிற்கிறது. அவரிடம் கேட்டால், சந்தைக்கேற்ப வளைந்துகொடுத்தேன் என்பார்.

தூத்துக்குடிக் கடலில் முன்பு நடந்த முத்துக்குளிப்பு இதற்கு நேர்மாறான ஏற்பாடு. அங்கே சூதின் அம்சம் பங்குச்சந்தையில் இருப்பதைவிடக் குறைவில்லை: சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் போயின, உள்ளே முத்து உண்டா என்பது வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. ஆனால் சிப்பிகள் வளரும் கடலடிப் பார்களில் எந்தப் பாரில் குளிப்பது என்ற முடிவு ஏலத்தின் பரபரப்பில் எடுக்கப்படவில்லை. முன்னதாகவே பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிட்ட பிறகே குளிப்பு அறிவிக்கப்பட்டது. சிப்பி முதிரச் சில ஆண்டுகள் வேண்டும். முதிர்ச்சியைத் தாண்டவிட்டால் தானே மடிந்துவிடும். அதனால் கணிப்பு சோதனைக்குச் சோதனை மாறியது. மாதிரி தேறாவிட்டால் குளிப்பு இல்லை என்ற விதி மாறவில்லை. விதியை வகுக்கும் வேளையும் பணம் கைமாறும் வேளையும் தனித்தனியாக இருந்ததே அந்த ஏற்பாட்டின் பலம். டே டிரேடிங் வணிகருக்குத் தேவையானதும் இந்த இடைவெளிதான். சந்தை மூடிய பிறகு விதியைத் திருத்தலாம். பணம் உள்ளே மாட்டியிருக்கும்போது திருத்தினால் திருத்துவது அறிவல்ல, பயம்.

பலனுக்காகவே செய்யும் தொழிலில் பற்றின்மை எப்படி வரும், இது கீதையைக் கடைக்கு இழுப்பது அல்லவா என்று கேட்கலாம். அருச்சுனனுக்குச் சொல்லப்பட்டது போரைப் பற்றி. போரும் வெல்வதற்காகவே செய்யப்படுவது. அங்கே விலக்கப்படுவது வெற்றியை நோக்குவதல்ல. வெற்றி தோல்வி பற்றிய எண்ணம் செய்கையைக் கலக்குவதுதான். 98இல் வெளியேற வேண்டியவர் 98இல் வெளியேறுவது அந்த அளவுக்கேனும் பற்றின்மை. ஆனால் ஒழுக்கத்துக்குக் கூலியாக லாபம் வரும் என்று இதிலிருந்து யாராவது முடிவு கட்டினால், பற்றைக் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் கூட்டிவந்தவர் ஆகிறார். பயிற்சி வகுப்பு விற்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கொல்லைப்புறக் கதவைத்தான் திறந்து விடுகிறார்கள்.

இன்னொரு மறுப்பு கனமானது, திருக்குறளிலிருந்து வருவது. தெரிந்து செயல்வகை அதிகாரம் முதலைக் காப்பதை லாபத்துக்கு முன்னால் வைக்கிறது. அதோடு வணிகருக்குச் சண்டை இல்லை. ஆனால் சூது அதிகாரம், வெல்ல முடிந்தாலும் அதன் பக்கம் போகாதே என்கிறது. டே டிரேடிங் சூதுதான் என்றால், ஒழுங்காக ஆடுவது எப்படி என்ற பேச்சே வீண். இதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் உண்டு. சூதா இல்லையா என்பதைத் தொழிலின் பெயர் தீர்மானிக்காது. செய்பவருக்குத் தன் கணிப்பைச் சோதிக்க வழி இருக்கிறதா, சோதனையில் தோற்றால் விட முடிகிறதா என்பதே தீர்மானிக்கும். அந்த உரைகல்லில் பெரும்பாலோர் தேறவில்லை. 2022-23இல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நட்டப்பட்டதாக 2024இல் பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வு சொல்கிறது; முப்பது வயதுக்குட்பட்டோரில் 76 விழுக்காடு. ஆண்டுக்கு 500 தடவைக்கு மேல் வாங்கி விற்றவர்களில் 80 விழுக்காடு. அதிகம் செய்தவர் அதிகம் கற்றிருக்க வேண்டும். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆகவே இளக்கம் இந்தப் பங்கு ஏறும், அந்தப் பங்கு இறங்கும் என்ற கணிப்புகளோடு நின்றுவிட முடியாது. ‘இந்தத் தொழிலில் எனக்குக் கை உண்டு’ என்பதும் ஒரு கணிப்புதான். இவ்வளவு முதல் போனால் கணக்கை மூடுவேன் என்று முதல் நாளே எழுதி வைக்காதவர், அந்த ஒரு கணிப்புக்கு மட்டும் ஸ்டாப் லாஸ் வைக்க மறந்தவர்.