ஆடை கடல் கடந்தது, உப்பு ஊரில் தங்கியது

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றுவோர் தொட்டியில் உப்பைக் கொட்டுவர். நீரிலேயே கரைந்து நிற்கப் பார்க்கும் சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவது அந்த உப்பின் வேலை. நிறம் அடர்த்தியாக ஏற வேண்டுமானால் உப்பும் மிகுதியாக வேண்டும். வேலை முடிந்தபின் அது துணியில் தங்குவதில்லை, அலசிய நீரோடு வெளியேறிவிடுகிறது. திருப்பூரின் செல்வமும் நொய்யல் ஆற்றின் துயரமும் இந்தச் சிறு செயலில் தொடங்குகின்றன. ஆடை கப்பலேறிப் போய்விடுகிறது. விற்றவனும் வாங்கியவனும் கணக்கைத் தீர்த்துக்கொள்கின்றனர். அக்கணக்கில் பெயரே எழுதப்படாத மூன்றாமவன் ஒருவன், ஆற்றின் கீழ்ப்பகுதியில், தன் கிணற்று நீரை வாயில் வைத்துப் பார்த்துத் துப்புகிறான்.

வாணிகத்தை இழித்துரைப்பது அறமாகாது. வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்கள், மழை பொய்த்த ஆண்டுகளில் மனம் தளராது, சில பின்னல் பொறிகளோடு தொடங்கி, ஐரோப்பாவும் அமெரிக்காவும் உடுத்தும் பின்னலாடைகளைத் தைக்கும் நகரை எழுப்பினர். தென்மாவட்டங்களிலிருந்தும் பின்னர் வடமாநிலங்களிலிருந்தும் வந்த பல்லாயிரம் குடும்பங்களுக்கு அந்நகரம் சோறிட்டது. ஆடை இறக்குமதிக்குச் செல்வ நாடுகள் விதித்திருந்த அளவுக் கட்டுப்பாடு 2005-ஆம் ஆண்டின் முதல் நாளில் நீங்கியபோது கதவு இன்னும் அகலத் திறந்தது. ஆயினும் நமக்குத் திறந்த கதவே பிற நாடுகளுக்கும் திறந்தது. ஓர் ஆடைக்குச் சில காசு குறைத்துக் கொடுப்பவனிடமே வேலை சென்றது. கழிவுநீரைத் தூய்மைப்படுத்தப் பொருள் செலவிட்டவன், செலவிடாத அண்டை வீட்டானிடம் தோற்றான். நேர்மை இழப்பாக முடியும் சந்தையில்தான் ஒருவனுடைய பண்பு உண்மையாகச் சோதிக்கப்படுகிறது. அச்சோதனையில் பலர் தேறவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் சேரும் சிற்றாறு நொய்யல். அதன் குறுக்கே, உழவுக்கு நீர் தரவென்று, 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை எழுந்தது. அந்த ஆண்டில் முப்பது வயதாயிருந்த ஓர் உழவனை எண்ணிப் பார்க்கலாம். அணையை நம்பித் தென்னை வைத்திருப்பான், கடன் பட்டிருப்பான், பிள்ளைகளுக்கு நிலத்தை விட்டுச் செல்லலாமென்று நினைத்திருப்பான். மழையில்லாக் காலத்தில் அணைக்கு வந்த நீரில் பெரும்பகுதி சாயக்கழிவாக இருந்தது. தேங்கிய நீரின் உப்பு மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது. தென்னை காய்ப்புக் குறைந்தது. மாடுகளும் அந்நீரைக் குடிக்க மறுத்தன. நீர் வேண்டி அணை கேட்டவர்களே மதகைத் திறக்க வேண்டாமென்று மன்றாடும் நிலை வந்தது. இளமையில் நட்டதை முதுமையில் உண்ணலாம் என்பதே உழவனுக்கு உலகம் தரும் ஒரே உறுதி. யாரோ உடுத்தப்போகும் சட்டையின் நிறத்துக்காக, அவனைக் கேளாமலேயே அவ்வுறுதி பறிக்கப்பட்டது.

ஆயக்கட்டு உழவர்கள் வழக்காடினர். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் சேரலாகாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தவணைகள் கேட்கப்பட்டன, கிடைத்தன, கழிந்தன. 2011 சனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தானே மேற்கொள்ளாத அடக்கம் பிறர் கையால் வரும்போது குற்றமற்றவனையும் சேர்த்தே அடிக்கும். தூய்மைப்படுத்த முயன்றவனும் முயலாதவனும் ஒன்றாகப் பூட்டப்பட்டனர். நாட்கூலியை நம்பியவர்கள் ஊருக்குப் பேருந்தேறினர். சிலரோ திருந்துவதை விட்டு, சாய வேலையை மறைவாக வேறு மாவட்டத்து ஆற்றங்கரைகளுக்குக் கொண்டுசென்றனர். இதைத் தொழில்திறம் என்று மெச்சியோரும் உண்டு.

கழிவை ஆற்றில் விடாதிருக்க இயலாது என்று பல்லாண்டு சொல்லப்பட்டது, பூட்டு விழுந்தபின் இயன்றது. இன்று கழிவுநீர் நுண்சவ்வுகளின் வழியே செலுத்தப்படுகிறது. நல்ல நீரும் உப்பின் ஒரு பகுதியும் பட்டறைக்கே திரும்புகின்றன. எஞ்சும் செறிந்த உப்புநீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்கின்றனர். இதற்கு விறகும் மின்சாரமும் பெருஞ்செலவும் வேண்டும். அச்செலவை உழவன் தலையில் கட்டாமல், ஆடை செய்தவனும் உடுத்துபவனும் பகிர்ந்துகொள்வதே முறை. தூய நீரின் விலையைச் சேர்த்துக் கேட்கும் துணிவு ஒருவனுக்கு மட்டும் இருந்தால் அவன் வேலையை இழப்பான். ஊரே ஒன்றாகக் கேட்டால் வாங்குபவன் இணங்கியாக வேண்டும், அல்லது தன் நாட்டில் தான் பேசும் இயற்கைப் பரிவு எத்தகையது என்பதை வெளிப்படுத்தியாக வேண்டும். சங்கம் அமைத்து வரிச்சலுகை கேட்கத் தெரிந்தவர்களுக்கு இது கற்றுக்கொள்ள முடியாத பாடமன்று.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மிச்சம் இருக்கிறது. வற்றிய நீரின் அடியில் படியும் கலவை உப்பு மீண்டும் சாயத்துக்கு உதவாது. மூட்டைகளாகக் கட்டிக் கொட்டகைகளில் அடுக்கி வைக்கின்றனர். மழை படாமல் அதைக் காக்கும் பொறுப்பு, இன்று கணக்கு எழுதுபவர்களின் பிள்ளைகளையும் சேரும்.