வெறுங்கையோடு திரும்பும் உரிமை

அரிசோனா பாலைவனத்தில் லீவு நாட்களில் தங்கம் தேடுபவர்களின் வீடியோக்களை முகப்பேர் பிளாட்டில் உட்கார்ந்து பார்ப்பேன். தண்ணீர் கிடையாது, அதனால் துருத்தியால் காற்றடித்து மண்ணைச் சலிக்கிறார்கள். தங்கம் மணலைவிட ஏழு மடங்கு கனம், அடியில் தங்கிவிடும். ஒன்றும் கிடைக்காவிட்டால் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்புகிறார்கள்.

நீலகிரியில் தேவாலா, பந்தலூர் மண்ணிலும் தங்கம் உண்டு. 1880 வாக்கில் அதை நம்பி லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. சில வருடங்களிலேயே கவிழ்ந்தன. மிஞ்சியது சுரங்கங்கள்தான். கைவிடப்பட்ட அந்தக் குழிகளுக்குள் பின்னாட்களில் ஆட்கள் திருட்டுத்தனமாக இறங்கினார்கள். உள்ளேயே செத்தவர்களும் உண்டு.

அங்கே பொழுதுபோக்கு, இங்கே குற்றம். இறங்கியவனைப் 'பேராசை புடிச்சவன்'னு சட்டுனு சொல்லிடுறோம். ஆசை இரண்டு பேருக்கும் ஒன்றுதானே? வெறுங்கையோடு திரும்பினாலும் வீட்டில் உலை கொதிக்கும் என்ற நிச்சயம் ஒருவனுக்கு இருக்கிறது. அந்த நிச்சயம்தான் தேடலை விளையாட்டாக்குகிறது. அது இல்லாதவனுக்குத் தோற்கக்கூட வசதியில்லை.

பலனை எதிர்பார்க்காமல் செய் என்ற உபதேசத்தையும் இப்போது சந்தேகத்தோடுதான் கேட்கிறேன். மாசம் பொறந்தா சம்பளம் வர்ற என்னை மாதிரி ஆட்களுக்கு அது ரொம்ப சுலபம். குழிக்குள் இறங்குபவனிடம் அதைச் சொல்வதற்கு முன்னால், அவன் வெறுங்கையோடு திரும்பினால் அன்றைக்கு ராத்திரி அவன் வீட்டில் சோறு யார் போடுவது என்று யோசிக்க வேண்டும்.