அழிக்கத் தகுந்ததும் அழிக்கத் தகாததும்

புதுக் கணக்கு எழுதுவதென்றால் எந்த வியாபாரிக்கும் ஓர் உற்சாகம் பிறக்கும். அடித்தல் திருத்தல் இல்லாத வெள்ளைத் தாளைக் கண்டால் போன ஆண்டின் நஷ்டங்கூட மறந்துபோகும். எனினும், பழைய பேரேட்டை மூடுமுன் அதிலுள்ள பாக்கியைப் புதிய பேரேட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை, கடையில் நேற்றுச் சேர்ந்த பையனும் அறிவான். பேரேடு மடிக்கணினிக்குள் குடிபுகுந்துவிட்ட இந்நாளில் அந்தப் பாலபாடத்தை நாம் மறந்து வருகிறோமோ என்னும் ஐயம் நமக்கு எழுகின்றது.

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோஸாஃப்ட் கம்பெனி அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதையொட்டிச் சிராங்கூன் ரோட்டிலும் டன்லப் ஸ்திரீட்டிலும் சையது ஆல்வி ரோட்டிலும் வியாபாரம் செய்யும் நம்மவர் பலருக்கும் ஒரே கவலை. சிலர் புது இயந்திரம் வாங்கினர். இயந்திரம் இடங்கொடுத்த மற்றவர்களோ, உள்ளிருப்பதை அடியோடு துடைத்துவிட்டு விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றினர். 8 ஜிபி கொள்ளளவுள்ள ஒரு சிறு யுஎஸ்பி குச்சியில் இயங்குதளத்தை இறக்கி, அதைக் கொண்டு கணினியைத் தொடங்கி, வட்டிலுள்ள பழைய பகுதிகளை நீக்கிவிட்டால், மீதி வேலையைக் கணினியே பார்த்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த குப்பை ஒழிந்து, கிழட்டு இயந்திரமும் இளமை பெற்றதுபோல் ஓடுகிறது. இதில் குறைகூற ஒன்றுமில்லை.

ஆனால் “நீக்குக” என்னும் அந்தப் பொத்தானை அழுத்துமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இயந்திரம் நம்முடையது, காசு கொடுத்து வாங்கினோம். அதற்குள் இருப்பதெல்லாமும் நம்முடையதுதானா?

நமக்கு நேர்ந்ததையே சொல்கிறோம். சென்ற ஆண்டு நம் கடைக் கணினியைத் துடைக்க அமர்ந்தபோது, தம்பி மகன், “பெரியவாப்பா, எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா?” என்றான். “அழித்துவிடு” என்று நாம் சொல்லியும் விட்டோம். பிறகு ஏதோ தோன்ற, பழைய கணக்குக் கோப்புகளை ஒருமுறை புரட்டினோம். 2016-ஆம் ஆண்டின் கோப்பு ஒன்றில் ஒரு வரி கிடந்தது. கட்டட வேலை செய்துவந்த ஒருவர், ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, ஒரு பெட்டிக்கும் சேலைக்கும் 80 வெள்ளி முன்பணம் கொடுத்திருக்கிறார். சரக்கு எடுத்ததாகப் பதிவு இல்லை. பணம் திருப்பியதாகவும் இல்லை. பெயருக்கு எதிரே இருந்த தொலைபேசி எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

80 வெள்ளி பெரிய தொகையா என்று கேட்கலாம். நமக்கு இல்லை, அன்று அவருக்கு அது சில நாள் கூலி. சட்டத்தைக் கேட்டால் அது நம் பக்கமே பேசும். வருமான வரிக்காக வியாபாரக் கணக்குகளை 5 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். ஒப்பந்தத்தின்பேரில் வரவேண்டிய பணத்துக்கு 6 ஆண்டுகளுக்குப் பின் பொதுவாக வழக்காடவும் முடியாது. ஆனால் காலாவதிச் சட்டம் மூடுவது நீதிமன்றத்தின் கதவைத்தான். கடன் கடனாகவே இருக்கிறது. கொடுத்தவரிடம் சீட்டு இல்லை, நம்மிடமுள்ள இந்த ஒரு வரிதான் அவருக்குச் சாட்சி என்றால், அதை அழிப்பது சாட்சியைக் கொல்வதற்கு ஒப்பாகுமன்றோ? தவ்பா செய்து மனந்திருந்தியவனும் பிறர் பொருளைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்றே நம் பெரியவர்கள் சொல்லித் தந்தனர். மனிதனுக்கே அப்படியென்றால், கணினியைத் துடைத்ததால் மட்டும் நம் பொறுப்பு துடைபடுமா?

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். அழிக்கக் கூடாததை அழிப்பது எவ்வளவு தவறோ, அழிக்க வேண்டியதை விட்டுவைப்பதும் அவ்வளவு தவறு. சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்டது. பழைய மின்சாதனங்களை விற்பதும் வாங்குவதும் அதோடு நின்றுவிடவில்லை. கணினியை விற்குமுன் “ஃபார்மட்” செய்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். பழைய ரகச் சுழல்வட்டில் அவசர ஃபார்மட் செய்வது, புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்தெறிவது போன்றது. பக்கங்கள் அப்படியே இருக்கும், தெரிந்தவன் படித்துவிடுவான். ஆகவே கைமாறும் இயந்திரத்தில் வட்டை முழுமையாகச் சுத்தம் செய்யும் முறையையே கையாள வேண்டும்.

அதில் இருப்பவை வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் ஆகியவை. 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தேவை தீர்ந்த தகவலை வைத்திருக்கலாகாது என்கிறது. சட்டம் கோரும் இடங்களிலும் ஆளை ஐயமற உறுதிசெய்ய வேண்டிய இடங்களிலும் அன்றி, அடையாள அட்டை எண்ணை வாங்குவதே கூடாதென்ற விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்பிக் கொடுத்தவரின் இரகசியத்தைச் சந்தையில் விடுவது வியாபாரிக்கு அழகாகாது.

ஆக, ஒரே பொத்தான் ஓரிடத்தில் கடமையாகவும் மற்றோரிடத்தில் துரோகமாகவும் ஆகிறது. இரண்டையும் பிரித்தறிவதற்கான அளவுகோல் ஒன்றே: பிறருக்கு நாம் கொடுக்க வேண்டியதை மறக்கலாகாது, பிறர் நம்மிடம் ஒப்படைத்த இரகசியத்தைச் சிந்தவிடலாகாது. இரண்டும் அமானிதமே. வேகம் குறைந்த நிரல்களும், தேவையற்ற படங்களும், தீர்ந்துபோன சண்டைகளின் கடிதங்களும் தாராளமாக ஒழியட்டும்.

சகோதர வியாபாரிகளே! கணினியைத் துடைக்குமுன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். பழைய கோப்புகளைத் திறந்து, நமக்கு வரவேண்டியதை அல்ல, நாம் தரவேண்டியதை முதலில் தேடுங்கள். நாமும் அவ்வாறே செய்தோம். அந்த 80 வெள்ளிக்குரியவர் இன்னும் கிடைக்கவில்லை. அவருடைய ஊர்க்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். பணம் தனியே ஓர் உறையில் இருக்கிறது. துடைத்துப் புதுப்பித்த கணினியில் நாம் எழுதிய முதல் வரி அவருடைய பெயர்தான்.