தோற்றவன் டீக்கடைக்கு வருகிறான்

நாலுக்கு ஒன்று என்பது கலாய்க்க வசதியான ஸ்கோர். ஏழுக்கு ஒன்று அப்படியல்ல. இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்தில் பந்தாட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மறுநாள் காலை டீக்கடை பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும்.

எங்கள் பக்கம் என்றால் பாலக்காட்டின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம் என்று, கேரளத்துக்குள் இருந்துகொண்டே பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்வருகிற ஊர்கள். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். நான் பெண் எடுத்தது மூணாறு எஸ்டேட்டில் என்பதால் இடுக்கியின் எல்லையும் எனக்குப் பழக்கம்தான். இரண்டு இடத்திலும் உலகக் கோப்பை வந்தால் சுவர் பிரேசிலின் மஞ்சளாகவோ அர்ஜென்டினாவின் வெள்ளை நீலமாகவோ மாறிவிடும். நான் மஞ்சள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2025 மார்ச் 26, நம் நேரப்படி விடியற்காலை ஐந்தரை மணிக்கு, பியூனஸ் அயர்ஸின் மொனுமென்டல் மைதானத்தில் அர்ஜென்டினாவும் பிரேசிலும் மோதின. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். அதற்கு முன்பே பிரேசிலின் ரபின்யா, பழைய நட்சத்திரம் ரொமாரியோவிடம் பேசும்போது, களத்திலும் அடிப்போம், தேவைப்பட்டால் வெளியிலும் அடிப்போம் என்று வாயை விட்டிருந்தார். நாலாவது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் ஹூலியன் ஆல்வரெஸ் ஒன்று, பன்னிரண்டாவதில் என்சோ பெர்னாண்டஸ் ஒன்று. குன்யா ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். இடைவேளைக்கு முன்பே மெக் அலிஸ்டர் அர்ஜென்டினாவின் கணக்கை மூன்றாக்க, பிற்பாதியில் பழைய ஆட்டக்காரர் சிமியோனியின் மகன் நாலாவதைப் போட்டு முடித்தார். இதில் இன்னொரு குசும்பும் உண்டு. பொலிவியா–உருகுவே ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்ததால், பந்து உருளும் முன்பே அர்ஜென்டினா தகுதி பெற்றாகிவிட்டது. ஜெயித்தே ஆகவேண்டிய கட்டாயம் இல்லாதவன் போட்ட நாலு அது.

ஏழு மணிக்கெல்லாம் கடை நிறைந்துவிட்டது. இளநீர் லோடு ஏற்றுகிற பையன் பிரேசில். எதிர்த்த சலூன்காரர் அர்ஜென்டினா. “என்னடா, வெளிய வச்சும் அடிப்போம்னீங்களே, எந்த எடம்னு சொன்னா வந்து நின்னுக்கறோம்” என்று அவர் ஆரம்பித்தார். பையன் அசரவில்லை. “நெய்மார் இல்லீங்ணா.” “மெஸ்ஸியுந்தான் இல்ல.” “கோச்சு சரியில்லீங்ணா.” அதை மட்டும் அவர் ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் கழித்து பிரேசில் சங்கமும் ஒப்புக்கொண்டு டொரிவால் ஜூனியரை வீட்டுக்கு அனுப்பியது. கடைசியில் பையன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான்: எங்களுக்கு அஞ்சு கப்பு, உங்களுக்கு மூணுதான். அந்த ஐந்தாவது கோப்பை வந்த 2002இல் அவன் பிறந்தே இருக்க மாட்டான். ஆனாலும் அது செல்லுபடியாகிற பதில். கடையில் இரண்டு தரப்பும் சேர்ந்து சிரித்தது.

நாலுக்கு ஒன்றில் சாக்குச் சொல்ல இடம் இருக்கிறது. சாக்கு இருக்கிறவரை பேச்சு இருக்கும்.

2014 ஜூலை 9, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு, சாக்கும் பேச்சும் இல்லாமல் போனதை மூணாறில் பார்த்தேன். ஜூலை மழை அங்கே தகரக் கூரையில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. எஸ்டேட் கிளப்பில் ஆளோடு ஆள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். பெலோ ஹொரிசோன்டேயில் பிரேசில்–ஜெர்மனி அரையிறுதி. நெய்மாருக்கு முதுகெலும்பில் முறிவு, தியாகோ சில்வாவுக்குத் தடை. பதினோராவது நிமிடம் முல்லர் போட்டபோது அர்ஜென்டினாப் பையன்கள் விசிலடித்தார்கள். இருபத்து மூன்றில் க்ளோசா. அப்போது மேசையில் தாளம். இருபத்து நாலில் க்ரூஸ். என் மாப்பிள்ளை (மனைவியின் தம்பி), பிரேசில் என்றால் உயிரை விடுகிறவன், “ரீப்ளே போடுறான்” என்றான். “இல்லடே, ஸ்கோரைப் பாரு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இருபத்தாறில் மறுபடி க்ரூஸ், இருபத்தொன்பதில் கெதிரா. ஆறே நிமிடத்தில் நாலு கோல்.

ஐந்தாவதுக்கு எழுந்து ஆட ஆளில்லை. இடைவேளையில் கட்டன் காப்பி வந்தது. வெள்ளை நீலக் கொடியைத் தலையில் கட்டியிருந்த ஒருவன்தான் கிளாஸ்களை எடுத்து நீட்டிக்கொண்டு வந்தான். வரிசையில் முன்னால் இருந்தவர்களை விட்டுவிட்டு முதல் கிளாஸை நேராகக் கொண்டுவந்து என் மாப்பிள்ளை கையில் கொடுத்தான். ஒன்றும் பேசவில்லை. இழவு வீட்டில் செய்கிற மரியாதை அது.

காலையில் பேர் கொடுக்கிற மஸ்டருக்கு மாப்பிள்ளை வரமாட்டான் என்று லயத்து வீடுகளில் பந்தயமே கட்டினார்கள். வந்தான். மழைக்கோட்டைத் திறந்துவிட்டு, உள்ளே மஞ்சள் ஜெர்சியோடு வந்து நின்றான். சாயந்திரம் எஸ்டேட் கடைக்குப் போய், எல்லோரும் இருக்கிறபோது, அவனாகவே ஒரு பெரிய செவன் அப் பாட்டில் கேட்டான். ஏழு கோல் வாங்கியதால் பிரேசில்காரனைக் கேரளத்தில் இன்றுவரை சீண்டுவது அந்தக் குளிர்பானத்தைக் காட்டித்தான். “அண்ணே, ஏழு கிளாஸ் வைங்க” என்றான். அவன் கையாலேயே ஊற்றினான். அர்ஜென்டினாக்காரர்கள் வாங்கிக் குடித்தார்கள். என்னென்னவோ தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தவர்கள், ஒன்றையும் எடுக்க முடியாமல் திரும்பிப் போனார்கள்.

ஒருதலையான ஆட்டம் முடிந்த பிறகு கவனிக்க வேண்டியது தோற்றவனைத்தான் என்று அன்று எனக்குப் பட்டது. ஜெயித்தவனிடம் ஸ்கோர் இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லிக்காட்ட எதிரில் ஒருவன் வேண்டும். அந்த ஒருவன் வீட்டிலிருந்து கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு, என்ன நடக்கும் என்று தெரிந்தே கடைக்கு வரவேண்டும். வராவிட்டால் விழா கிடையாது. மறுநாளைப் பண்டிகையாக்குவதும் பகையாக்குவதும் அவன் கையில்தான் இருக்கிறது.

(ஐந்து நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் 113ஆவது நிமிடம் கோட்சே போட்ட கோலில் அர்ஜென்டினாவும் ஜெர்மனியிடம் தோற்றது. மாப்பிள்ளை பெருந்தன்மையாக வாயைத் திறக்கவில்லை என்று எழுத ஆசைதான். திறந்தான். விடியும்வரை மூடவில்லை.)

அந்த ஏழு கோல் இரவில், ஆட்டம் நடந்த மினெய்ரோ மைதானத்திலும் இதுதான் நடந்தது. ஷுர்லே ஏழாவது கோலை அடித்தபோது பிரேசில் கூட்டமே எழுந்து கைதட்டியது. ஜெர்மானியர்கள் பந்தைக் கைமாற்றிக்கொண்டபோது ஓலே சொன்னதும் அவர்கள்தான். அதில் சொந்த அணிமேல் இருந்த கோபம் பாதி என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெரிய மீசையும் தொப்பியுமாக உலகக் கோப்பையின் மாதிரி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அந்தப் பெரியவரை நினைத்துப் பாருங்கள். க்ளோவிஸ் அகோஸ்டா பெர்னாண்டஸ், பிரேசில் போகிற இடமெல்லாம் கூடவே போனவர். ஆட்டம் முடிந்ததும் அந்தக் கோப்பையை ஒரு ஜெர்மன் ரசிகையிடம் கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். அழுத படத்தை உலகம் முழுக்கப் போட்டார்கள். எனக்கு முக்கியம், அவர் கோப்பையைக் கொடுத்த படம்.

ரக்பிக்காரர்கள் இதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரு அணி இரண்டு வரிசையாக நிற்கும், மற்ற அணி நடுவில் கைதட்டலோடு நடந்து வெளியேறும். பிறகு உள்ளூர் அணி வந்தவர்களை உட்கார வைத்துச் சாப்பாடு போடும். 2017 செப்டம்பரில் நியூசிலாந்து தென்னாப்பிரிக்காவை 57–0 என்று நசுக்கியது. நூறாண்டுப் போட்டி அவர்களுடையது. மூன்று வாரம் கழித்துக் கேப்டவுனில் அதே இரண்டு அணிகள் ஆடியபோது நியூசிலாந்து ஒரே ஒரு புள்ளியில் தப்பித்தது. மறு ஆண்டு வெலிங்டனிலேயே தென்னாப்பிரிக்கா ஜெயித்தது. 2019இல் உலகக் கோப்பையே அவர்கள் கைக்குப் போனது. ஐம்பத்தேழு வாங்கியவர்கள் மூன்றாவது வாரம் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருக்காவிட்டால் இதில் ஒன்றும் கிடையாது.

வர முடியாமல் போனவர்களும் உண்டு. 2018 ஜூன் 21 அன்று குரோஷியாவிடம் அர்ஜென்டினா 0–3 என்று தோற்ற இரவில், எங்கள் இடுக்கிக்குப் பக்கத்து மாவட்டத்தில் ஓர் இளைஞர் வீட்டைவிட்டுப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. எழுதிவைத்த தாளில் அந்தத் தோல்வியும் இருந்தது. ஒரு பந்தாட்டம் மட்டும் ஒரு மனிதனை அங்கே கொண்டுபோய் விடாது, உள்ளே வேறு என்ன இருந்தது என்பதை நாம் பேசக்கூடாது. ஆனால் அன்று முதல் ஒன்று செய்கிறேன். பெரிய தோல்விக்கு மறுநாள் கடையில் யார் வரவில்லை என்று பார்ப்பேன். வந்தவனை எவ்வளவு வேண்டுமானாலும் கலாய்க்கலாம். வராதவன் வீட்டுக்கு யாராவது ஒருவர் போய்வர வேண்டும், ஸ்கோரைப் பற்றிப் பேசாமல்.

சொந்த ஊர் ஆட்டத்தில் கலாய்ப்புக்கு ஓர் எல்லை தானாக வந்துவிடுகிறது. மூணாறில் எஸ்டேட்டுகளுக்குள் ஃபின்லே பெயரில் ஒரு போட்டி உண்டு, வெள்ளைக்காரக் கம்பெனி காலத்து வழக்கம். கம்பெனி டாடா கைக்குப் போய், 2005இல் தொழிலாளர்களும் பங்குதாரர்களாகிற புதுக் கம்பெனியாக ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. பழைய மூணாறு மைதானத்துக்கு லாரி லாரியாக ஆள் வந்து இறங்குவார்கள். அங்கே கோல்கீப்பர் பந்தை விட்டால் கொஞ்சம் பார்த்துத்தான் திட்ட வேண்டும். அவன் அம்மா திங்கட்கிழமை உங்கள் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுப்பாள். கடன் வாங்கிய பகையில் இந்தச் சங்கடம் இல்லை. பிரேசில் கோல்கீப்பர் ஜூலியோ சீசரின் அம்மா எந்த மலையில் என்ன செய்தாள் என்று எங்களுக்கு என்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். எல்லையோரத்து ஆட்கள் இவ்வளவு வெறியோடு தென்னமெரிக்காவைப் பிடித்துக்கொண்டதற்கு, மெஸ்ஸியின் இடது கால் போக, இதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்க எங்களுக்கு ஒரு பகை தேவைப்பட்டது. சொந்தப் பகையை அப்படிப் பிடிக்க முடியவில்லை.

சொந்தப் பகை என்னவென்று ஊருக்கே தெரியும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் முற்றியபோது குமுளிப் பாதை அடைபட்டது. உடும்பன்சோலை ஏலத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளிகள் மலைப்பாதையில் தேனிப் பக்கம் இறங்கினார்கள். தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அந்த மாதம் எந்த டீக்கடையிலும் யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை தண்ணீர் தேக்கலாம் என்றபோது கம்பம் பள்ளத்தாக்கில் பட்டாசு வெடித்தது. அதே வாரம் மூணாறில் இருந்தேன். லயங்களில் தமிழ்ச் சேனல்தான் ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வந்தபோது ஒருவர் எழுந்து சத்தத்தைக் குறைத்தார். ஜெயித்தது இவர்களுடைய மொழிக்காரர்கள், தோற்றது இவர்களுடைய ரேஷன் கார்டு. எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வது? இரண்டு மாதம் கழித்து அதே ஆட்கள்தான் ஏழு கோலுக்குத் தொண்டை கிழியக் கத்தினார்கள், அழுதார்கள், செவன் அப் குடித்தார்கள்.

எங்கள் சித்தூர் தாலுகா கணக்கு இன்னும் சிக்கல். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீரை மணக்கடவில் எங்களுக்கு விட வேண்டும். 1970இல் கையெழுத்தானது. கோடையில் அது குறைந்தால் கேரளத்துக்காகக் குரல் கொடுக்கிற விவசாயிகளில் நிறையப் பேர் வீட்டில் பேசுவது தமிழ். எதிர்த்தரப்பில் இருப்பவர்களும் நாங்கள் பெண் கொடுத்து எடுத்தவர்கள்தான். என் அக்காவைக் கொடுத்தது ஆனைமலைப் பக்கம். மச்சானுக்குத் தென்னந்தோப்பு, வாய்க்கால் பாசனம். அங்கே மடை திறந்தால் இங்கே குறையும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மச்சான் அர்ஜென்டினா. 2022 டிசம்பரில் குரோஷியாவிடம் பெனால்டியில் பிரேசில் வெளியேற, அதே இரவில் அர்ஜென்டினா அரையிறுதிக்குப் போனது. காலையில் போன் போட்டார். எடுத்தேன், எடுக்காமல் இருந்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும். அக்காவையும் ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு ஆசை தீரக் கிழித்தார். நானும் ஏழு கிளாஸ் கதையைச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அவர் வைக்கப்போகும் நேரத்தில், அந்தச் சிரிப்பின் தைரியத்தில், “ஆழியாத்துல தண்ணி எவ்வளவு நிக்குதுங்க மச்சான்?” என்று கேட்டுவிட்டேன். “நிக்குது” என்றார். எவ்வளவு என்று சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. அந்தத் தண்ணீர் ஆட்டத்தில் யார் ஜெயித்தவர், யார் தோற்றவர் என்பதையே நாங்கள் இருவரும் இன்னும் பேசி முடிக்கவில்லை. கடைக்கு யார் முதலில் வருவது என்பது அதற்குப் பிறகுதான்.