கண்ணு பழகட்டும்



சிங்கப்பூரில் மலை என்று சொல்லிக்கொள்ள நமக்கு இருப்பது புக்கிட் தீமா. உயரம் சுமார் 163 மீட்டர். அதுவும் மாலை 7 மணிக்கு மூடிவிடும். மண்டாயில் 1994 முதல் இரவு சஃபாரி இருக்கிறது. ஆனால் அங்கே நாம் போவது மிருகங்களைப் பார்க்க. காட்டுக்காகவே ராத்திரியில் காட்டுக்குள் நடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

2018-இல் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தில் ‘ரெயின்ஃபாரஸ்ட் லூமினா’ என்ற இரவு நடையைத் தொடங்கினார்கள். சுமார் 1 கிலோமீட்டர் பாதை. வழியெல்லாம் வண்ண விளக்குகள், மரங்களின் மேல் படக்காட்சி, இசை. 2014-இல் கனடாவின் கோட்டிகுக் என்ற ஊரில் ஒரு மலை இடுக்குக் காட்டில் இதே மாதிரி நடையை உருவாக்கிய ‘மொமென்ட் ஃபேக்டரி’தான் இதையும் வடிவமைத்தது.

நான், தங்கை, பாட்டி மூன்று பேரும் போனோம். உண்மையைச் சொல்கிறேன், ரொம்ப அழகாக இருந்தது. தங்கை நூறு படமாவது எடுத்திருப்பாள். ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சிக்குப் போகும் வழியில் கொஞ்ச தூரம் மங்கலாக இருந்தது. உடனே நான் கைப்பேசி டார்ச்சைப் போட்டேன். செம்பவாங் கம்பத்தில், மின்சாரம் வராத வீட்டில் வளர்ந்தவர் பாட்டி. அவர் என் கையைப் பிடித்துச் சொன்னார்: “அதை அணைச்சிடு தம்பி. கொஞ்ச நேரம் நில்லு. கண்ணு பழகட்டும்.”

நின்றோம். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் மெல்ல மெல்லப் பாதையின் ஓரம் தெரிந்தது, இலைகள் தெரிந்தன, மரங்களுக்கு மேலே வானம் தெரிந்தது. நம் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அந்தப் பழக்கத்தைக் கெடுக்க ஒரு டார்ச் வெளிச்சம் போதும்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. நாம் ஒளியை வணங்கும் சமூகம். விளக்கேற்றாமல் நமக்கு ஒரு நல்ல காரியம் கிடையாது. ஒளி ஞானம், இருள் அஞ்ஞானம் என்று சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அப்படியென்றால் இருட்டு கெட்டதா?

நம் கோயிலே இதற்குப் பதில் சொல்கிறது. பழைய கோயில்களில் கருவறைக்கு ஜன்னல் கிடையாது. பெயரையே பாருங்கள், கருவறை. உயிர் உருவாகும் இடமும் இருட்டுத்தான், சாமி இருக்கும் இடமும் இருட்டுத்தான். வெயிலிலிருந்து உள்ளே போகிறவருக்கு முதலில் எதுவும் தெரியாது. கண் பழகப் பழக ஒரு சின்ன எண்ணெய் விளக்கில் சாமி முகம் தெரியவரும். அந்த விளக்கு இருட்டை விரட்டுவதில்லை. இருட்டுக்குள் நமக்கு வழிகாட்டுகிறது. சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் முன்னால் நின்று கும்பிடுகிறோமே, காளி என்றாலே கருமை அல்லவா? அஞ்ஞானத்தை இருள் என்றது ஒரு உவமை. உவமையை நிஜமாக எடுத்துக்கொண்டு ராத்திரியையே எதிரியாக்கிவிட்டோமோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதில் ஒரு தர்மக் கேள்வியும் இருக்கிறது. 2021-இல் நீ சூன் சதுப்புக் காட்டில் ஒரு புது மின்மினி இனத்தை விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். பெயர் ‘லூசியோலா சிங்கபுரா’. 1909-க்குப் பிறகு சிங்கப்பூரில் கண்டறியப்பட்ட முதல் புது ஒளிரும் மின்மினி அது. அளவு ஒரு அரிசி மணி. மின்மினிகள் ஒளியைச் சிமிட்டித்தான் துணையைத் தேடும். சுற்றிலும் விளக்கு எரிந்தால் ஒன்றின் செய்தி இன்னொன்றுக்குத் தெரியாது. நமக்கு அலங்காரமாக இருக்கும் விளக்கு, இன்னொரு உயிரின் பேச்சை அணைத்துவிடலாம். அகிம்சை என்பது அடிக்காமல் இருப்பது மட்டுமா?

“அப்போ தெரு விளக்கெல்லாம் வேண்டாமா?” என்று நீங்கள் கேட்கலாம். வேலை முடிந்து தனியாக நடந்து வரும் ஒரு பெண்ணுக்கு அந்த விளக்குத்தான் தைரியம். விளக்கு அலங்காரம் பார்க்க வந்து, காட்டின் மேல் பாசம் கொண்டு திரும்புகிறவர்களும் உண்டு. அதனால் விளக்கே வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. இது யாருக்குத் தேவை, எவ்வளவு தேவை, எப்போது அணைக்கலாம் என்று கேட்டுவிட்டு ஏற்றுவோம் என்கிறேன்.

சில வருஷம் கழித்துப் பாட்டி காலமானார். காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, வீட்டில் இருந்த எல்லா விளக்கையும் போட்டேன். டிவியைப் போட்டேன். கையில் கைப்பேசி. துக்கம் பக்கத்தில் வராமல் இருக்க என்னவெல்லாம் செய்ய முடியுமோ எல்லாம் செய்தேன். அம்மா வந்து ஒவ்வொன்றாக அணைத்தார். பாட்டி படத்துக்கு முன்னால் இருந்த விளக்கு மட்டும் எரிந்தது. அங்கே உட்கார்ந்தபோதுதான் எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது. நிறைய நேரம் கழித்து, அவர் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. துக்கத்துக்கும் கண் பழகத்தான் வேண்டும்போல.

அடுத்த தீபாவளிக்குத் தேக்காவில் ஒளியூட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். எனக்கும் அது பிடிக்கும். வீடு திரும்பியதும் பத்து நிமிடம் மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஒரே ஒரு அகல் விளக்கு முன்னால் குடும்பத்தோடு உட்காருங்கள். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பரவாயில்லை.

கண்ணு பழகட்டும்.