நேராத தீங்கும் நேர்ந்த குற்றமும்

ஒருவன் தான் செய்யவேண்டிய கடமையைச் செய்யாது விட்டான். ஆயினும் அதனால் எவருக்கும் எத்தீங்கும் நேரவில்லை. அவன் குற்றமுடையவனா, அல்லனா? அறத்தைப் பற்றிச் சிந்திப்போர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா இது. விளைவைக் கொண்டே செயலை எடைபோட வேண்டும் என்பர் ஒரு சாரார். செய்வோனுடைய மனநிலையைக் கொண்டே எடைபோட வேண்டும் என்பர் மற்றொரு சாரார். வாதம் ஏட்டளவில் நிற்கும்வரை இரு தரப்பும் ஓய்வதில்லை. நடைமுறை வாழ்வில் உள்ள ஒரு பணியில் இவ்வினாவைப் பொருத்திப் பார்த்தால் ஓரளவு தெளிவு பிறக்கும். மருத்துவமனையின் பின்புறம், நோயாளிகளோ பார்வையாளர்களோ எட்டிப் பாராத ஒரு கொட்டகையில் நிற்கும் ஜெனரேட்டரைப் பேணும் பணியையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

காத்து நிற்கும் இயந்திரம்

மின்வாரியத்தின் இணைப்பு அறுபட்டவுடன் பேட்டரியின் ஆற்றலால் டீசல் இயந்திரம் உயிர்பெற வேண்டும். தனக்குரிய வேகத்தை எட்ட வேண்டும். பின்னர் தானியங்கி மாற்று விசை மருத்துவமனையின் மின்சுமையை அதன் தோளில் ஏற்ற வேண்டும். உயிர்காக்கும் பகுதிகளுக்கு இவையனைத்தும் 10 விநாடிகளுக்குள் நடந்தேற வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவமனைகளுக்கு விதிக்கப்பட்டுள்ள நெறி. சுவாசக் கருவி போன்றவை தம்முள் இருக்கும் சிறு பேட்டரியால் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். அந்தச் சிறிது நேரத்தை நம்பி ஓர் உயிரை நெடும்பொழுது ஒப்படைத்தல் இயலாது.

ஓயாது ஓடும் இயந்திரம் தன் குறையை ஓசையாலோ புகையாலோ சொல்லிவிடும். நின்றுகொண்டே இருக்கும் இயந்திரமோ தன் குறையை மறைத்துக்கொள்ளும். பேட்டரியின் நீர் வற்றும். அதன் முனைகளில் உப்புப் பூக்கும். பார்வைக்கு அது பேட்டரியாகவே இருக்கும். அழைக்கும் நேரத்தில் ஜெனரேட்டர் எழாமற்போவதற்குப் பேட்டரிக் கோளாறே பெரும்பாலும் காரணமாக இருக்கக் காண்கிறோம். தொட்டியில் நெடுநாள் தேங்கிய டீசலும் அவ்வாறே. காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். நீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகும்; வழவழப்பான கசடு உண்டாகும். இயந்திரம் அரைமணி நேரம் ஓடியபின் அக்கசடு வடிகட்டியை அடைக்கும். தொடங்கிய இயந்திரம் நடுவழியில் நின்றுபோகும்.

ஆதலால்தான் அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 110ஆம் எண் நெறிமுறை, வாரம் ஒருமுறை பார்வையிடுதலையும், மாதம் ஒருமுறை குறைந்தது 30 நிமிடம் இயக்கிப் பார்த்தலையும் வலியுறுத்துகிறது. அவ்வாறு இயக்கும்போது இயந்திரம் தன் ஆற்றலில் 30 விழுக்காட்டுக்குக் குறையாத சுமையைச் சுமத்தல் வேண்டும். மருத்துவமனைகள் 36 மாதங்களுக்கு ஒருமுறை தொடர்ந்து 4 மணி நேரம் இயக்கிக் காட்டவும் வேண்டும். சுமையின்றி ஓட்டினால் எரியாத எண்ணெய் புகைக்குழாயில் படிந்து இயந்திரத்துக்கே கேடு செய்யும். எனவே சுமையற்ற சோதனை பயனற்றது என்பதோடு தீங்கானதும் ஆகும்.

பதிவேட்டில் ஒரு வரி

இனி நம் வினாவுக்கு வருவோம். இரண்டு ஊர்களில் இரண்டு மருத்துவமனைகள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் இரண்டு மின்பணியாளர்கள். இருவரும் அம்மாதச் சோதனையைச் செய்யவில்லை. இருவரும் பதிவேட்டில், "30 நிமிடம் இயங்கியது, நிலை நன்று" என்று எழுதிக் கையொப்பம் இட்டனர். மறுநாள் முதல் ஊரில் ஒரு மரக்கிளை மின்கம்பியின்மீது முறிந்து விழுந்தது. ஜெனரேட்டர் எழவில்லை, ஓர் உயிர் பிரிந்தது. இரண்டாம் ஊரில் காற்றே வீசவில்லை.

உலகம் முதலாமவனைப் பழிக்கும். இரண்டாமவனை அறியவே அறியாது. ஆயினும் இவ்விருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது? ஒரு மரக்கிளை. அக்கிளை எங்கு விழுந்தது என்பது இருவர் கையிலும் இல்லை. ஒரு மனிதனின் ஒழுக்கத்தை மரக்கிளை தீர்மானிக்கும் என்பதை நம் அறிவு ஒப்புமோ?

இன்னும் ஆழ்ந்து நோக்கினால், இரண்டாம் ஊரிலும் தீங்கு நேரவே செய்தது என்பது புலனாகும். அன்று அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிய மருத்துவர், மின்சாரம் போனாலும் விளக்கு அணையாது என்ற நம்பிக்கையில் தொடங்கினார். மெய்ந்நிலையை அறிந்திருந்தால் அவசரமற்ற சிகிச்சையை ஒருநாள் தள்ளி வைத்திருப்பார். நெருக்கடியில் இருந்த நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பியிருக்கவும் கூடும். அம்முடிவை எடுக்கும் உரிமையை ஒரு பொய்வரி அவரிடமிருந்து பறித்துக்கொண்டது. படுக்கையில் மயங்கிக் கிடந்த நோயாளியின் உயிர், அவர் அறியாமலே பணயமாக வைக்கப்பட்டது. பணயத்தில் வென்றுவிட்டோம் என்பதால், பிறர் பொருளைப் பணயம் வைத்தது சரியாகிவிடுமா? ஆகவே குற்றம் மின்சாரம் நின்ற பொழுதில் தோன்றவில்லை. எழுதுகோல் தாளைத் தொட்ட பொழுதிலேயே அது நிறைவெய்திவிட்டது. மின்தடை செய்வதெல்லாம் அதனை ஊரறியச் செய்வதே.

இரண்டு பெருநகரங்கள் தரும் பாடம்

சோதனை செய்தோம் என்ற மனநிறைவும் சில வேளைகளில் நம்மை ஏமாற்றும். 2012ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் சாண்டிப் புயல் நியூயார்க் நகரைத் தாக்கிற்று. அங்குள்ள பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் வெள்ளம் எட்டாத 13ஆம் தளத்தில் இருந்தன. ஆனால் அவற்றுக்கு எண்ணெய் ஏற்றும் பம்புகள் நிலவறையில் இருந்தன. நிலவறை நீரில் மூழ்கவே, ஊழியர்களும் படைவீரர்களும் படிக்கட்டுகளில் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி எண்ணெயை மேலே சேர்த்தனர். அண்மையில் உள்ள நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் நிலவறை வெள்ளத்தால் மாற்று மின்சாரம் நின்றது. முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டனர். செயற்கைச் சுவாசத்தில் இருந்த பச்சிளங்குழந்தைகளைச் செவிலியர் ஏந்தி, கையால் காற்றுப்பையை அழுத்திக்கொண்டே ஒன்பது மாடிப் படிகளை இருளில் இறங்கினர்.

அதற்கு ஏழு ஆண்டுகள் முன்னர், 2005 ஆகஸ்டில் கத்ரீனாப் புயலின்போது, நியூ ஆர்லியன்ஸ் நகரின் மெமோரியல் மருத்துவமனையில் விளைந்தது இதனினும் கொடியது. அங்கு மின்பகிர்வுக் கருவிகள் பல வெள்ளமட்டத்துக்குக் கீழே இருந்தன. சில அடி நீர் புகுந்தாலே பெரும்பகுதி செயலிழக்கும் என்னும் எச்சரிக்கை முன்னரே எழுத்தில் இருந்தது. ஆகஸ்டு 31ஆம் நாள் விடியுமுன் ஜெனரேட்டர்கள் ஓய்ந்தன. வெள்ளம் வடிந்தபின் அக்கட்டடத்திலிருந்து 45 சடலங்கள் எடுக்கப்பட்டன. வெப்பம், நோயின் கடுமை, மீட்புப் பணியின் தாமதம் எனப் பல காரணங்கள் அங்கு பின்னியிருந்தன. மருத்துவர்கள் சிலர் நோயாளிகளுக்குச் செலுத்திய மருந்துகளைப் பற்றிய வழக்கும் விசாரணையும் பின்னர் நடந்தன. எவரை முதலில் காப்பது, எவரை இறுதியில் காப்பது என்ற கொடிய வினாவின்முன் அங்கிருந்தோர் நிறுத்தப்பட்டனர்.

இருளில் குழந்தையை ஏந்தி இறங்கிய செவிலியரின் தீரம் போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தகைய தீரம் தேவைப்படாதவாறு காப்பதே முதற்கடமை. உயரத்தில் நிற்கும் இயந்திரத்தைப் பெருமையோடு காட்டுவது எளிது. அது எதை நம்பி நிற்கிறது, அந்த எது எங்கே நிற்கிறது என்று படிப்படியாகக் கீழிறங்கிக் கேட்பதே உண்மையான சோதனை. நாம் பெருமை கொள்ளும் பகுதியை மட்டும் சோதித்துப் பார்த்தல், தற்புகழ்ச்சியின் ஒருவகையே ஆகும்.

இரண்டு மறுப்புகள்

"பயனின்றி டீசலை மாதந்தோறும் எரிப்பது வீண்செலவு அன்றோ? புகையும் ஓசையும் அக்கம்பக்கத்தார்க்கும் பிற உயிர்க்கும் துன்பம் அன்றோ?" என்று சிக்கனமும் இரக்கமும் உடையோர் வினவலாம். நியாயமான வினாவே. தேவைக்கு மேல் ஓட்டுதல் கூடாது. ஓட்டும் நேரத்தையும், புகை செல்லும் திசையையும் ஆராய்ந்து அமைத்தல் வேண்டும். ஆயினும், சோதியாத இயந்திரத்தை வைத்திருப்பதே பெரிய வீண்செலவு. பல இலட்சம் கொடுத்து வாங்கிய பொருள், காக்குமா காக்காதா என்று அறியாமலே நிற்பதாயின் அப்பணம் எதற்காகச் செலவாயிற்று?

மற்றொரு மறுப்பு இதனினும் கனமானது. "மருத்துவமனையின் மெய்யான சுமையை ஜெனரேட்டருக்கு மாற்றும்போது சில விநாடி மின்சாரம் நிற்குமே. சோதனையே நோயாளிக்கு ஆபத்தாகாதோ?" ஆகக்கூடும். அதனால்தான் பலர் சுமையேற்றாமல் ஓட்டிவிட்டு அமைதி கொள்கின்றனர். ஆனால் விவரத்தை நோக்குக. சோதனை நாளில் மருத்துவரும் செவிலியரும் முன்னறிவிப்புப் பெற்றிருப்பர். அறுவை அரங்கு ஓய்ந்திருக்கும். சுவாசக் கருவிகளின் பேட்டரிகள் பார்க்கப்பட்டிருக்கும். மின்வாரிய இணைப்பு திரும்புவதற்கு ஆயத்தமாக அருகிலேயே இருக்கும். உண்மை மின்தடையில் இவற்றுள் ஒன்றும் இராது. சிறிய இடரை அறிந்து, ஆயத்தத்தோடு ஏற்பதே பெரிய இடரை அறியாமல் சந்திப்பதினின்றும் காக்கும் வழி. இடரே இல்லாத சோதனையை நாடுவோன் சோதனையின் சாயலையே நாடுகிறான்.

பொறுப்பு யாருடையது?

இவ்வளவும் கூறியபின், பழியெல்லாம் அந்த மின்பணியாளர் தலையில் விழும் என்று எண்ணுதல் முறையன்று. அவர் ஏன் பொய்வரி எழுதினார் என்பதையும் கேட்க வேண்டும். "ஜெனரேட்டர் எழவில்லை" என்று மெய்யை எழுதியவருக்கு நிர்வாகம் கொடுத்தது யாது? புதிய பேட்டரியா, அல்லது வசைமொழியா? மெய் எழுதியவரைத் தண்டிக்கும் இடத்தில் பதிவேடு தானாகவே பொய்யால் நிரம்பும். மெய் எழுதுவோரைப் பாராட்டும் நிர்வாகமே மெய்யான பதிவேட்டைப் பெறும்.

அறக்கொடை அளிப்போரும் இதில் பங்குடையோரே. புதிய கட்டடத்துக்கும் புதிய கருவிக்கும் நன்கொடை தருவோர் பலர். அவற்றில் பெயர் பொறிக்கக் கல்லுண்டு. பேட்டரி மாற்றவும், தொட்டியின் அடிநீரை வடிக்கவும், ஆண்டுதோறும் எண்ணெயின் தரத்தைப் பார்க்கவும் நன்கொடை தருவோர் அரியர். அவற்றில் கல் பதிக்க இடமில்லை. நன்கு பேணப்பட்ட ஜெனரேட்டரால் உயிர்பிழைத்தவர், தாம் பிழைத்ததையே அறியார். விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியதாக மட்டுமே நினைவுகொள்வார். நன்றியே வராத நற்செயலைச் செய்ய மனம் ஒப்புமா என்பதே கொடையின் உரைகல்.

திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்பது வெறும் மறதி அன்று. நலமாக இருக்கும் காலத்தின் மகிழ்ச்சியில் மயங்கிக் கடமையை மறத்தல். இது நம் பொருளுக்கு மிகவும் பொருந்துவது. 2012ஆம் ஆண்டை ஒட்டித் தமிழகத்தில் நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டு நிலவிய காலத்தில், ஒவ்வொரு மின்வெட்டும் ஒரு சோதனையாக அமைந்தது. ஜெனரேட்டரின் குறை அன்றன்றே தெரிந்தது. மின்சாரம் சீராக வரும் காலத்திலோ அவ்வியந்திரம் மாதக்கணக்கில் உறங்குகிறது. நம் அக்கறையும் உடன் உறங்கிவிடுகிறது. துன்பம் தானே செய்துவந்த சோதனையை, இன்பக் காலத்தில் நாமே முயன்று செய்தல் வேண்டும்.

எனவே மருத்துவமனைக் குழுக்களில் இடம்பெற்றிருப்போரும், நன்கொடை அளிப்போரும் அடுத்த கூட்டத்தில் சில எளிய வினாக்களை எழுப்புவார்களாக. ஜெனரேட்டர் மெய்யான சுமையோடு கடைசியாக இயங்கியது எந்நாள்? பேட்டரியின் வயது யாது? தொட்டியின் அடிநீர் எப்பொழுது வடிக்கப்பட்டது? எண்ணெய்ப் பம்பும் மாற்று விசையும் எந்தத் தளத்தில் உள்ளன. அங்கு மழைநீர் புகுமா? சோதனையில் குறை கண்டதாகப் பதிவேட்டில் ஒரு வரியேனும் உண்டா? பல ஆண்டுகளின் பதிவேட்டில் "நிலை நன்று" என்பதைத் தவிர வேறொன்றும் காணப்படாவிடில், அதனைக் கண்டு மகிழ்வதற்கு முன் கொட்டகைக்கு நேரே சென்று, இயந்திரத்தை இயக்கச் சொல்லிப் பார்ப்பது நலம்.